அழகம்மாளின் ஒரு ஜாண் மண்

ஓய்வு பெற்றவனுக்குத் தொலைபேசியில் வரும் கேள்விகள் இரண்டே வகை. உறவினர்கள் கேட்பது: மாத்திரை சாப்பிட்டாயிற்றா? மற்றது, ஏதாவது ஒரு சுரங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்பது: "சார், மேல்மண் குவியலை எத்தனை மீட்டர் உயரத்துக்குப் போடலாம்?"

போன வாரம் கேட்டவர் கரூர்ப் பக்கம் ஒரு குவாரியில் வேலை பார்க்கிறார். அறிக்கையில் இதற்கென்று ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறாராம். மீதி நாற்பது பக்கமும் தயார். வேறொரு சுரங்கத்தின் அறிக்கையை எடுத்து ஊர்ப்பெயரை மாற்றியாகிவிட்டது. ஓர் இடத்தில் மட்டும் மாற்ற மறந்திருந்தார். அதன்படி அவருடைய குவாரிக்குத் தெற்கே கடல் இருந்தது.

ஒரு வரியில் பதில் சொன்னேன்: "ஓர் ஆள் உயரத்துக்கு மேல் போகாதீர்கள்." நன்றி சொல்லி வைத்துவிட்டார். ஏன் என்று கேட்கவில்லை. நானும் ஒரு காலத்தில் அந்த விதியை மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருந்தேன், தெரிந்தும் ஏமாந்தேன். ஆகவே அவர் கேட்காத கேள்விக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் வேளாண்மை படித்தவன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எரியோட்டுக்கும் வடமதுரைக்கும் நடுவே இருந்த ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் மண் பாதுகாப்பு உதவியாளராகச் சேர்ந்தேன். கல்லூரி நான்கு வருடம், வெளிமாநிலத்தில் பயிற்சி ஒரு வருடம். பயிற்சியில் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: சுரங்கம் தோண்டும்முன் மேல்மண்ணைத் தனியாக வழித்தெடுக்க வேண்டும், தனியாக வைக்க வேண்டும், கல் தீர்ந்ததும் குழியை மூடி அதன்மேல் திரும்பப் பரப்ப வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு வருடம் ஆகாது. மீதி நாட்களில் கேரம் விளையாடினோம்.

எங்கள் சமவெளியில் மேலே ஒரு ஜாண் செம்மண். அதற்குக் கீழே வெள்ளைக் கட்டிகள் கலந்த சுக்கான். அதற்கும் கீழே சரளை. எல்லாவற்றுக்கும் கீழே சுண்ணாம்புக்கல். கம்பெனிக்கு வேண்டியது கடைசியில் இருந்தது. எனக்குச் சம்பளம் முதலில் இருந்ததற்கு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் யாராவது "சுரங்கத்தில என்ன வேலை?" என்று கேட்டால், "மண்ணைப் பார்த்துக்கொள்கிறேன்" என்பேன். அடுத்த வாரம் அவர்கள் என் மனைவியிடம், "பாவம், படிச்ச மனுசன்" என்று சொல்லியிருப்பார்கள்.

சுரங்க மேலாளர் சங்கரலிங்கம் திருநெல்வேலிக்காரர். முதல் நாள் என் நியமன உத்தரவை இரண்டு முறை படித்தார்.

"மண்ணுக்கு ஒரு ஆபீசரா? வாரும், உக்காரும். கல்லுக்கு மேல கெடக்கறதையெல்லாம் இம்புட்டு நாளும் குப்பைன்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன்."

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யாராவது பேச வந்தால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். ஐந்து நிமிடம். பெரிய முள் நகர்ந்ததும் எடுத்துக் கட்டிக்கொள்வார். வந்தவர் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் எழுந்துவிட வேண்டியதுதான். எதையும் வாயால் மறுக்க மாட்டார். "எழுதிக் குடும்" என்பார். எழுதிக் கொடுத்தால் சிவப்புப் பென்சிலை எடுத்து, 'நல்ல', 'மோசமான', 'மிகுந்த' என்று எது கண்ணில் பட்டாலும் அடித்து, மேலே 'எவ்வளவு?' என்று எழுதித் திருப்பி அனுப்புவார். மழைக்காலத்தில் மண் 'மிகவும் ஈரமாக' இருக்கிறது என்று நான் எழுதிய முதல் குறிப்பு மூன்று முறை திரும்பி வந்தது. நான்காம் முறை இப்படி எழுதினேன்: 'ஒரு பிடி மண்ணை உருட்டி விரலால் தட்டினேன். உதிரவில்லை.' கையெழுத்துப் போட்டு, அன்றைய வழிப்பு வேலையை நிறுத்தினார். கல் உற்பத்தி நின்றால் அவருக்கு மேலிடத்தில் திட்டு விழும். அதையும் வாங்கிக்கொண்டார். காகிதத்தில் இருந்த உண்மைக்கு அவர் கட்டுப்படுவார். காகிதத்தில் இல்லாதது உண்மையா என்பதில் அவருக்குக் கடைசிவரை சந்தேகம்.

அந்த உருண்டைச் சோதனைதான் இந்தத் தொழிலின் அரிச்சுவடி. பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும். தட்டினால் உதிர வேண்டும். உதிராவிட்டால் ஈரம் அதிகம். வண்டி ஏறினால் மண் செங்கல்லாகிவிடும். உருண்டையே நிற்காவிட்டால் காய்ந்துவிட்டது. டோசர் தொட்டதும் பாதி நிலம் ஆடிக் காற்றில் பறந்து ஊர் போய்ச் சேரும்.

டோசர் ஓட்டியவர் பேகம்பூர் காதர் பாய். பத்து டன் கல்லைத் தள்ளுகிற இரும்புத் தகட்டால் ஒரு ஜாண் மண்ணை மட்டும் வழித்தெடுப்பார். அடியில் சுக்கானின் வெள்ளை கண்ணில் பட்டதும் நிறுத்திவிடுவார்.

"சவரி சார், இது மண்ணு வேலை இல்ல. ஹஜாமத்து. கன்னத்துல வெட்டு விழாம மழிக்கணும். கையில கத்தி, ஆனா கோபம் இருக்கக் கூடாது."

இப்படி இரண்டு மூன்று வருடம் போனது. பிறகு அழகம்மாள் வந்தார்.

சுண்ணாம்புக்கல் பட்டை அவருடைய நாலு ஏக்கருக்கு அடியில் ஓடியது. அக்கம்பக்கத்தார் விற்றுவிட்டார்கள். அழகம்மாள் கணவரை இழந்தவர். இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு அந்த மானாவாரி நிலத்தில் கடலையும் சோளமும் போட்டு வந்தார். மேலாளர் அறைக்கு வந்தவர், அவர் கழற்றி வைத்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்ன சார், எனக்குக் குடுக்கப் போறீகளா?"

மேலாளர் அதை எடுத்துத் திரும்பக் கட்டிக்கொண்டார். அந்த அறையில் அவர் தோற்று நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

"விக்க மாட்டேன்" என்றார் அழகம்மாள். "வேணும்னா எடுத்துக்கிட்டுத் திருப்பிக் குடுங்க."

"எதைத் திருப்பிக் கொடுக்க?"

"மண்ணைத்தேன். கல்லை நீங்களே வச்சுக்குங்க. அதை வச்சு நான் என்ன கொழம்பா வைக்கப் போறேன்?"

வக்கீல் குத்தகைப் பத்திரம் எழுதினார்: கல் எடுத்து முடிந்தபின் நிலத்தை 'மீண்டும் பயிர் செய்யத் தக்க நிலையில்' ஒப்படைக்க வேண்டும். அழகம்மாள் விடவில்லை.

"தக்க நிலைன்னா? அதை யாரு பாத்துச் சொல்றது?"

"அதிகாரி வந்து பார்ப்பாரும்மா."

"அதிகாரி என்னிக்காவது கடலை பறிச்சிருக்காரா? நான் கடலை போடுவேன். முளைக்கணும், காய் பிடிக்கணும். அதை எழுதுங்க."

எழுதினார்கள். வக்கீல் தன் பங்குக்கு இன்னொரு ஷரத்தும் சேர்த்தார்: அப்படிக் காய் பிடிக்காவிட்டால் நட்டஈடு கொடுத்துவிட்டு நிலத்தைக் கம்பெனியே எடுத்துக்கொள்ளும். அதைப் படித்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாங்கள் ஒழுங்காக வேலை செய்தால் நிலம் அவருக்கு, கோட்டைவிட்டால் எங்களுக்கு. சோம்பேறித்தனத்துக்குப் பரிசு கொடுக்கும் பத்திரத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அழகம்மாள் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்கதேன் மண்ணு சாரா?"

"ஆமாம்மா."

"ஒங்களை நம்பித்தேன் போட்டுருக்கேன்."

அவர் வேறொருவர் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துப் பயிர் செய்யப் போனார். காதர் பாய் மேற்கு எல்லை ஓரத்தைத் தொடாமல், மற்ற நிலம் முழுவதையும் கன்னத்தில் வெட்டு விழாமல் மழித்தார். மேல்மண் தனி, சுக்கான் தனி. மேல்மண்ணை ஓர் ஆள் உயரத்துக்கு, சரிவான பக்கங்களோடு, நீளமான பாத்திபோலக் குவித்தோம். சுற்றிலும் மழைநீர் போக வாய்க்கால். மேலே கொளுஞ்சியும் கொள்ளும் விதைத்தேன். வேர் இறங்கினால் மண் அரிக்காது. அதைவிட முக்கியம், உள்ளே காற்றும் உயிரும் நடமாடும். மண்ணைக் குவித்து வைப்பது மூட்டை அடுக்குவது மாதிரி இல்லை. ஆட்டுமந்தையை அடைத்து வைப்பது மாதிரி. மூச்சுவிட இடம் வேண்டும். 'இங்கே வண்டி ஏறக்கூடாது' என்று பலகை நட்டேன். லாரிக்காரர்கள் அந்தப் பலகையின் நிழலில் வண்டியை நிறுத்திச் சாப்பிட்டார்கள்.

ஆள் உயரக் குவியல் நிறைய இடத்தை அடைக்கும். மேலாளருக்கு அது கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. என்னை மூன்று மாதம் வேறொரு சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்து பார்த்தால், குவியல் இருந்த இடத்தில் உடைத்த கல் அடுக்கியிருந்தது. மேல்மண் ஒரு மூலையில் நாலு ஆள் உயரத்துக்கு மலைபோல் நின்றது. அதன் முதுகில் டிப்பர் ஏறி இறங்கிய தடம்.

"என்னத்துக்கு முழிக்கீர்?" என்றார் மேலாளர். "உம்ம மண்ணு எங்கயும் போகல. மேல போயிருக்கு."

காதர் பாய் என்னிடம் தனியாக வந்தார். "நான் மாட்டேன்னுதான் சொன்னேன் சார். காண்ட்ராக்டு வண்டிய வச்சு ஏத்திட்டாங்க. அல்லா சத்தியமா என் டோசர் அது மேல ஏறல."

மறுப்பு எழுதிக் கொடுத்தேன். 'இறக்கி வைக்க இடம் எங்கே?' என்று பென்சிலில் பதில் வந்தது. உண்மையில் இடம் இல்லை. நான் என்ன செய்தேன்? மலையின் மேல் மறுபடியும் கொளுஞ்சி விதைத்தேன். அது செழித்து வளர்ந்தது. வருகிற போகிற அதிகாரிகள் எல்லாரும் அந்தப் பச்சையைப் பாராட்டினார்கள். ஒருவர் அதன்முன் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டார். வருடங்கள் போகப் போக, நானும் அந்தப் பச்சையை நம்பத் தொடங்கினேன். என் கையால் விதைத்தது அல்லவா.

பட்டை அங்கே ஆழமாக இறங்கவில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஓரிரு வருடங்களில் அழகம்மாள் நிலத்தில் கல் தீர்ந்தது. குழியைக் கழிவுக்கல்லால் நிரப்பினோம், மேலே சரளை, அதற்கு மேலே சுக்கான். கடைசியாக அந்தப் பச்சை மலையை உடைத்து ஒரு ஜாண் மண் பரப்பினோம். ஆடி நெருங்கிவிட்டது, அவசரம். பரப்பும்முன் குவியலின் உட்புறத்தைத் துளைத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை நான்தான் இளையவர்களுக்கு எழுதிக்கொடுத்திருந்தேன். நான் துளைத்துப் பார்க்கவில்லை.

அழகம்மாள் கடலை விதைத்தார். முளைத்தது. விரல் உயரம் வந்தது. பிறகு மஞ்சளடித்து அப்படியே நின்றுவிட்டது.

என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். போனேன். ஒரு செடியைப் பிடுங்கி, வேரோடு வந்த மண்ணை மூக்கருகே கொண்டுபோனார்.

"மண்ணு சார், இது என் மண்ணு இல்ல."

"உங்க மண்ணுதாம்மா. பதிவேட்டில் இருக்கு."

"பதிவேட்டை விதைக்கவா முடியும்? என் நிலத்துல கோரை இருக்கும். எங்க மாமனார் பிடுங்குனாரு, எங்க வீட்டுக்காரர் பிடுங்குனாரு, நான் கல்யாணம் ஆகி வந்த நாள்ல இருந்து பிடுங்குறேன். இன்னும் ஒழியல. ரெண்டு மழை பேஞ்சிருச்சு. ஒரு கோரை எங்க? காட்டுங்க."

மண் பரப்பிய இடம் முழுவதும் நடந்து பார்த்தேன். ஒரு கோரைகூட இல்லை. விவசாயி வாழ்நாள் முழுக்கச் சாபமிடும் களை அது. கிழங்கின் ஒரு துண்டு கிடந்தாலும் மழைக்கு எழுந்துவிடும். அதுவே செத்துப்போகும்படி நாங்கள் மண்ணை வைத்திருந்தோம். மூலையில் குவியலின் மிச்சம் கொஞ்சம் நின்றது. துளைக் கருவியை ஒரு கை ஆழம் இறக்கி எடுத்தேன். மேலே விரல்கடை அளவு செம்மண். அதற்குள்ளே சாம்பல் நிறத்தில், பூசணம் பிடித்த சாக்கடை நாற்றத்தோடு ஒரு பசை. வருடக்கணக்கில் காற்றுப் படாமல், தன் எடையிலேயே நசுங்கிக் கிடந்திருக்கிறது. பச்சை அதன் தோல் மட்டும்தான்.

மேலாளரிடம் போனேன்.

"ஷரத்து இருக்குல்லா" என்றார். "நட்டஈடு போட்டுக் கையெழுத்து வாங்கிருவோம். அந்தம்மாவுக்கும் தொந்தரவு இல்ல, நமக்கும் இல்ல."

"ஒரு வருடம் கொடுங்கள் சார். அடுத்த ஆடிவரை."

"எழுதிக் குடும்."

எழுதினேன். 'குவியலின் உட்புறத்தைச் சோதிக்காமல் பரப்பியது என் தவறு. மண் உயிரற்றுப் போயிருக்கிறது. சரிசெய்ய அடுத்த ஆடிவரை அவகாசம் தேவை.' 'உயிரற்று' என்ற சொல்லைப் பென்சில் சுழித்தது.

"இதை எப்படிய்யா அளந்தீர்?"

"பத்து இடத்தில் மண்வெட்டி போட்டேன். ஒரு மண்புழு இல்லை. நூறு செடி பிடுங்கினேன். ஒன்றின் வேரிலும் சத்துச் சேர்க்கும் முடிச்சு இல்லை."

"அப்ப அதை எழுதும். நல்லாத்தான இருக்கு."

எழுதினேன். அவர் மறுபடி படித்தார். கடிகாரத்தின் முள் ஐந்து நிமிடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"குவியலை உசரத்துல ஏத்தினது யாரு? அதைக் காணோமே?"

"அது உங்கள் உத்தரவு சார். வாயால் சொன்னது. என் மறுப்புத் தாளில் உங்கள் கேள்விதான் இருக்கிறது, உத்தரவு இல்லை."

அவர் பென்சிலைக் கீழே வைத்துப் பேனாவை எடுத்தார். என் கையெழுத்துக்குக் கீழே, 'குவியலின் உயரத்தைக் கூட்டியது என் வாய்மொழி உத்தரவின்படி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளை மேலிடத்துக்கு அனுப்பினார். அதற்கு அவருக்குத் திட்டுக் கிடைத்திருக்கும். எங்களுக்கு ஒரு வருடம் கிடைத்தது. அடுத்த ஆடியிலும் காய் பிடிக்காவிட்டால் நிலம் கம்பெனிக்கு. அழகம்மாளிடம் அதை நானே போய்ச் சொன்னேன்.

"தப்பு ஒங்க பேர்ல, தண்டனை என் பேர்லயா?" என்றார். பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "சரி, என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்றார்.

முதல் வேலை காதர் பாயுடையது. டிப்பர் ஓடி இறுகிப்போன அடிப்பரப்பை டோசரின் பின்னால் உள்ள கொக்கியால், கோடு கோடாக, முழங்கை ஆழத்துக்குக் கிழித்தார். "இப்ப மழிக்கல சார், தலை வாருறேன்." காற்றுப் பட்டதும் சாம்பல் மண் மெல்ல மெல்லச் சிவக்கத் தொடங்கியது. புரட்டாசி மழைக்குச் சணப்பு விதைத்தோம். பூக்கும் சமயத்தில் மடக்கி உழுதோம்.

ஆனால் செத்த மண்ணுக்கு வெறும் தழை போதாது, உயிரை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். எங்கிருந்து? இங்கேதான் என் படிப்புக்கு ஒரு பயன் வந்தது. சுரங்கச் சட்டப்படி, குத்தகை எல்லையை ஒட்டி ஏழரை மீட்டர் அகலத்துக்குத் தோண்டக்கூடாது. அழகம்மாள் நிலத்தின் மேற்கு ஓரம்தான் அந்த எல்லை; அங்கே நிலம் அப்படியே இருந்தது. டோசர் தொடாத, அவருடைய பழைய மண். அதைச் சுரண்டி எடுத்து நாலு ஏக்கரிலும் தூவினால், கடலை வேரில் முடிச்சுப் போடும் நுண்ணுயிர்கள் பரவும். இதை அழகம்மாளிடம் விளக்க நான் படம் போட்ட தாளோடு போயிருந்தேன். பாதியில் நிறுத்தினார்.

"பாலுக்கு ஒறை ஊத்துற மாதிரி. அம்புட்டுத்தேன? இதுக்கு எதுக்குப் படம்?"

அவரும் இரண்டு பெண்களும் கூடை கூடையாகச் சுமந்து தூவினார்கள். பிறகு அவர் தன் கோரிக்கையைச் சொன்னார். "கிடை போடணும்."

ராமநாதபுரம் பக்கமிருந்து செம்மறி மந்தைகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். பகலில் மேய்த்துவிட்டு, இரவில் யாருடைய நிலத்தில் அடைக்கிறார்களோ அந்த நிலத்துக்குப் புழுக்கையும் மூத்திரமும் உரம். அதுதான் கிடை. எந்த விவசாயிக்கும் தெரிந்தது. எந்தச் சுரங்க விதியிலும் இல்லாதது. சுரங்க வேலிக்குள் கால்நடை வரக்கூடாது. வருகிற ஒவ்வொருவரும் தலைக்கவசமும் பூட்ஸும் அணிய வேண்டும்.

மந்தையின் தலைவரான கீதாரி வாசலில் வந்து நின்றார். பின்னால் நானூறு ஆடு. காவலாளி வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

"தொப்பி இல்லாம உள்ள விட மாட்டேன்" என்றார்.

"எனக்கா, ஆட்டுக்கா?" என்றார் கீதாரி.

"எல்லாருக்கும்தான்யா."

"கொம்பு இருக்குறதுக்கு எப்படிய்யா மாட்டுவ?"

மேலாளரிடம் ஓடினேன். அவர் கடிகாரத்தைக் கழற்றினார்.

"ஆட்டுக்கு நான் அனுமதி குடுக்க முடியாதுய்யா. நாளைக்கு ஒரு ஆடு குழில விழுந்தா விபத்து அறிக்கைல என்னன்னு எழுத? பணியாளரா, பார்வையாளரா?"

"ஆட்டுக்கு அனுமதி கேட்கவில்லை சார். வேலியை நகர்த்த அனுமதி கேட்கிறேன்."

"வேலியையா?"

"மூடிய குழி இனி சுரங்க வேலை நடக்கும் இடம் இல்லை. வேலை நடக்காத இடத்துக்குச் சுரங்க வேலி தேவையில்லை. வேலியைக் கிழக்கே தள்ளிப் போட்டால் அந்த நாலு ஏக்கர் வெளியே போய்விடும். வெளியே எந்த ஆடு படுத்தாலும் அது உங்கள் பொறுப்பு இல்லை. பகலில் வெடி வைக்கும் நேரத்தில் மந்தை மேய்ச்சலுக்குப் போயிருக்கும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "யாருகிட்டய்யா இப்படி யோசிக்கக் கத்துக்கிட்டீர்?"

"உங்களிடம்தான் சார்."

"எழுதிக் குடும்" என்றார், ஆனால் சிரித்துக்கொண்டே. அந்தத் தாளில் ஒரு சொல்லைக்கூட அடிக்கவில்லை. என் பணிக்காலத்தில் அப்படித் திரும்பிய தாள் அது ஒன்றுதான். மறுநாளே வேலி நகர்ந்தது. மந்தை பத்து நாள் அங்கே தங்கியது. கீதாரி போகும்போது காவலாளியிடம் போய், "தொப்பியைத் திருப்பிக் குடுக்கட்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

சித்திரையில் ஒரு கோடை மழை பெய்தது. இரண்டு நாள் கழித்துக் காலையில் நான் அலுவலகத்தில் காலெடுத்து வைக்கும்போதே அழகம்மாள் வாசலில் நின்றார். கையில் ஒரு பிடி புல்.

"இதைப் பாத்தீகளா? வந்துருச்சு சனியன்! வடக்கு மூலை பூராவும் கோரை!"

அவர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. திட்டும்போது முகமெல்லாம் சிரிப்பு. காதர் பாய் டோசரை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, பிள்ளை பிறந்த வீட்டில் சொல்வதுபோல், "முபாரக்கும்மா" என்றார். நான் அந்தக் கோரையை வாங்கி மேலாளர் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன்.

"என்னது இது?"

"களை சார்."

"களைக்காய்யா இம்புட்டுச் சந்தோசம்?"

"ஆமாம் சார்."

ஆனால் கோரை வந்ததும் வென்றுவிட்டோம் என்று நான் ஊதவில்லை. பத்திரத்தில் எழுதியிருந்தது கடலை. ஆடியில் விதைத்தார்கள். இருபத்தைந்தாம் நாள் ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் கழுவினேன். கடுகுபோல முடிச்சுகள். நகத்தால் ஒன்றைக் கிள்ளிப் பிளந்தேன். உள்ளே இளஞ்சிவப்பு. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். சிவப்பு என்றால் வேலை செய்கிறது. சுரங்கத்தில் எத்தனையோ பெரிய வெடிகளைப் பார்த்திருக்கிறேன். நகக்கண்ணில் இருந்த அந்தச் சிவப்புக்கு ஈடாக எதையும் பார்த்ததில்லை. செடியைக் காதர் பாயிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "சார், இதுக்கும் ரத்தம் இருக்கா?" என்றார்.

அந்த வருடம் ஆவணியில் மழை தள்ளிப்போனது. பதினெட்டு நாள். நான் தினமும் காலையில் அலுவலகத்துக்கு முன் நிலத்துக்குப் போனேன். என்னால் வானத்துக்குக் குறிப்பு எழுத முடியாது. மேற்கே எல்லைக்கு அப்பாலிருந்த பக்கத்து நிலங்களில் செடி வாடியபோது இங்கேயும் வாடியது. மாலையில் அங்கே நிமிர்ந்தபோது இங்கேயும் நிமிர்ந்தது. பக்கத்து நிலம் மாதிரியே வாடுவதும் நிமிர்வதும் எவ்வளவு பெரிய தேர்ச்சி என்று மேலாளருக்கு விளக்கினேன். அவருக்குப் புரிந்தது. பத்தொன்பதாம் நாள் மழை பெய்தது.

பறிப்பு நாளில் மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பளபளக்கும் காலணி. கூடவே வக்கீல், மேலாளர், நான், புகைப்படம் எடுக்க ஒருவர். நிலத்தின் நடுவில் எல்லாரும் நின்றோம். காதர் பாய் அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு, வெள்ளைச் சட்டை போட்டு, வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி தன் கோப்பைத் திறந்தார். "எங்கே சாம்பிள் எடுக்கணும்?"

"நீங்களே காட்டுங்க சார்" என்றார் அழகம்மாள். "நான் காட்டுனா நல்லதாப் பாத்துக் காட்டிட்டேன்னு சொல்வீக."

அதிகாரி ஓர் இடத்தைக் காட்டினார். அழகம்மாள் குனிந்து செடியின் கழுத்தைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டி இழுத்தார். மண் பொலபொலவென்று உதிர, கொத்துக் கொத்தாகக் காய் வந்தது. இன்னோர் இடத்தைக் காட்டினார். அங்கேயும் அப்படித்தான். மூன்றாவதாக, குழி மிக ஆழமாக இருந்த இடத்தைக் காட்டும்படி வக்கீல் அதிகாரியின் காதில் சொன்னார். அது அழகம்மாள் காதிலும் விழுந்தது. அவரே அந்த இடத்துக்கு நடந்தார். பிடுங்கினார். ஒரு காயை உடைத்தார். உள்ளே இரண்டு பருப்பு, தோல் சிவந்து முற்றியிருந்தது. ஒன்றை அதிகாரியிடமும் மற்றதை வக்கீலிடமும் நீட்டினார்.

"தின்னு பாத்துட்டு எழுதுங்க."

இருவரும் தின்றார்கள். அதிகாரி எழுதினார். வக்கீல் அவர் எழுதியதைப் படித்துவிட்டு, வேறு வழியில்லாமல், தானும் கையெழுத்துப் போட்டார். மேலாளர் போட்டார். நான் போட்டேன். அழகம்மாள் ஒப்படைப்புத் தாளை வாங்கி மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார். புகைப்படக்காரர் எல்லாரையும் நெருங்கி நிற்கச் சொன்னார். அதிகாரி, இந்த நிலத்தை ஒரு மாதிரி நிலமாகப் பார்வையாளர்களுக்குக் காட்டுவது பற்றியும், ஓரத்தில் ஓர் அலங்கார வளைவு வைப்பது பற்றியும் பேச ஆரம்பித்தார்.

அழகம்மாள் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் எல்லாருடைய கால்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"சார், இது இப்ப யாரு நெலம்?"

"உங்க நிலம்தாம்மா" என்றார் அதிகாரி, பெருந்தன்மையாக.

"அப்ப என் நெலத்துல இம்புட்டுப் பேருக்கு என்ன சோலி? கடலை மிதிபடுது. வரப்புல ஏறுங்க எல்லாரும்."

அதிகாரி முதலில் நடந்தார். பின்னால் வக்கீல், புகைப்படக்காரர், மேலாளர், கடைசியாக நான். செடி மிதிபடாமல், ஒருவர் பின் ஒருவராக, சால் ஓரமாகவே நடந்து வரப்பேறினோம். என் பணிக்காலத்தில் எத்தனையோ உத்தரவுகளுக்குக் கீழ்ப்படிந்திருக்கிறேன். அன்றைக்கு நடந்ததுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வேறெதற்கும் நடந்ததில்லை.